பதினேழுக்கு மேல் சிவப்பு

தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் நெல் விளைவிக்கும் எவரைக் கேட்டாலும் தயங்காமல் சொல்லும் எண் 17. அரசின் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் குவித்த நெல்லின் ஈரப்பதம் 17 விழுக்காட்டைத் தாண்டினால் அது தராசுக்குப் போகாது. குவியலைக் கலைத்து, களத்தில் திரும்பப் பரப்பி, வெயிலுக்குக் காத்திருக்க வேண்டும். சம்பா அறுவடை தை, மாசியில் வருகிறது. இரவெல்லாம் பனி கொட்டும் பருவம். பகலில் இறங்கிய ஈரம் விடிவதற்குள் ஓரளவு திரும்பிவிடும். தார்ப்பாயை மூடுவதும் திறப்பதுமாகக் குடும்பங்கள் நிலையத்து வாசலில் நாட்களைக் கழிப்பது காவிரி டெல்டாவுக்குப் புதிதல்ல.

இந்த 17 ஒரு கணினிப் படிவத்துக்குள் போனால் என்ன ஆகும்? விவசாயியின் பெயர், சிட்டா எண், நெல் ரகம், மூட்டைகள், ஈரப்பதம் என்று வரிசையாக வரும் படிவத்தில் “ஈரப்பதம் 17க்கு மேல் என்றால் கட்டம் சிவப்பாகட்டும்” என்று ஒரு விதி எழுதலாம். கணினிக்காரர்கள் இதை நிபந்தனை வடிவமைப்பு என்கிறார்கள். மைக்ரோசாஃப்ட் நிறுவனம் எக்ஸெல் 97 பதிப்பில் இந்த வசதியைக் கொடுத்தது. தரவுத்தள மென்பொருளான அக்ஸஸில் அது 2000ஆம் ஆண்டுப் பதிப்பில் வந்தது. எழுத அரை நிமிடம்கூட ஆகாது. எழுதிய பிறகு வருவதுதான் தலைவலி. 17.0 என்று காட்டும் ஒரு வரி சிவப்பாக இருக்கும், அதே 17.0 காட்டும் அடுத்த வரி வெள்ளையாக இருக்கும். நேற்று சிவந்த பதிவு இன்று சிவக்காது. ஒரு கணினியில் சரியாக வந்த நிறம் பக்கத்து மேசைக் கணினியில் மாறி வரும்.

மென்பொருளில் கோளாறு என்றுதான் முதலில் தோன்றும். பெரும்பாலும் அப்படி இருப்பதில்லை. எழுதிய விதியைக் கணினி எழுத்துக்கு எழுத்து பின்பற்றுகிறது. ஆனால் கண்ணில் படும் எண் ஒன்று, உள்ளே இருக்கும் மதிப்பு வேறு. அல்லது படிவத்தில் இருக்கும் விதி ஒன்று, அந்த நாளில் அந்த மாவட்டத்தில் நடப்பில் இருக்கும் விதி வேறு. இந்த இரண்டு இடைவெளிகளைத் தேடிப் போனால் காரணம் அநேகமாக அகப்பட்டுவிடும்.

தேடுவதற்கு ஒரு மாதிரிப் படிவத்தை வைத்துக்கொள்ளலாம். தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் 1972 முதல் இயங்குகிறது. டெல்டாவின் கொள்முதல் நிலையங்களை நடத்துவது அதுவே. நிலையத்தில் பட்டியல் எழுத்தர், உதவியாளர், காவலர், சுமைதூக்கும் தொழிலாளர்கள் இருப்பார்கள். கழகத்தின் கணினி முறை தனி. இங்கே பேசப்படுவது அதுவல்ல. ஒரு விவசாயிகள் குழு தன் உறுப்பினர்களின் நெல்லைக் கணக்கு வைத்துக்கொள்ள அக்ஸஸிலோ லிப்ரே ஆபீஸிலோ தானே அமைத்துக்கொள்ளக்கூடிய ஒரு சிறு படிவம், அவ்வளவுதான்.

முதலில் பார்க்க வேண்டியது வெற்றுக் கட்டம். குவியல் வந்துவிட்டது, ஈரப்பதம் இன்னும் பார்க்கவில்லை. கட்டம் காலியாக இருக்கிறது. தரவுத்தளத்தில் காலி என்பது பூஜ்ஜியமல்ல, தெரியாது என்று பொருள். தரவுகளை அட்டவணைகளாகக் கட்டும் கோட்பாட்டை 1970இல் வெளியிட்ட ஐபிஎம் ஆய்வாளர் எட்கர் காட், தெரியாத மதிப்புக்கென்று தனி அடையாளம் வேண்டும் என்று வலியுறுத்தியவர். “தெரியாதது 17ஐவிடப் பெரியதா?” என்று கேட்டால் ஆம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. எனவே விடையும் தெரியாது என்றே வரும். உண்மை, பொய், தெரியாது என்ற மூன்று விடைகளோடு தரவுத்தளம் வேலை செய்ய, நிறம் பூசும் விதிக்கோ உண்மை என்றால் மட்டும்தான் வேலை. விளைவு, பரிசோதிக்காத நெல்லும் பரிசோதனையில் தேறிய நெல்லும் திரையில் ஒரே வெள்ளையாக நிற்கின்றன. இது மிக ஆபத்தான ஒற்றுமை. தவறான சிவப்பைப் பார்த்தால் யாராவது சத்தம் போடுவார்கள். தவறான வெள்ளையை யாரும் கவனிக்க மாட்டார்கள். கட்டம் காலியா என்று கேட்கும் விதியை எல்லாவற்றுக்கும் மேலே வைத்து அதற்குச் சாம்பல் நிறம் கொடுத்துவிட்டால் இந்தக் குழப்பம் தீரும்.

அடுத்தது கோடையில் மட்டும் தலைகாட்டும் பிழை. சித்திரை, வைகாசி வெயிலில் நெல் நன்றாகக் காய்ந்து ஈரப்பதம் பத்துக்கும் கீழே போகலாம். ஒருவர் 9.8 என்று பதிகிறார், கட்டம் சிவக்கிறது. காய்ந்த நெல்லுக்கு எதற்குச் சிவப்பு? ஈரப்பதப் புலம் எண்ணாக இல்லாமல் எழுத்தாக அமைந்துவிட்டதுதான் காரணம். அல்லது எண்ணை அழகாகக் காட்டுவதற்காக நடுவே போட்ட ஒரு சார்பு அதை எழுத்தாக மாற்றிவிட்டது. எழுத்தாக ஒப்பிடும்போது கணினி அகராதி முறையைப் பின்பற்றும், இடப்பக்கத்து முதல் குறியைத்தான் பார்க்கும். 9 என்ற குறி 1 என்ற குறிக்குப் பின்னால் வருவதால் “9.8” பெரியது, “17” சிறியது. குறுவையிலும் சம்பாவிலும் ஈரப்பதம் எல்லாம் இரண்டு இலக்கமாக இருப்பதால் ஒப்பீடு தற்செயலாகச் சரியாகவே வரும். எட்டு மாதம் ஒழுங்காக ஓடிய படிவம் கோடை நடவு நெல் வந்ததும் தடுமாறும். இதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய அறிகுறி உண்டு: மாற்றி அமைக்காத எண் கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்து இடப்பக்கம் ஒட்டி நிற்கும்.

புலத்தின் வகையைக் கணினியே ஊகிக்க விட்டால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு மரபணு ஆய்வாளர்கள் சாட்சி. செப்ட்2, மார்ச்1 போன்ற மரபணுப் பெயர்களை எக்ஸெல் தேதிகளாக மாற்றிக்கொண்டே இருந்தது. எக்ஸெல் பட்டியல் இணைத்து வெளியான மரபணு ஆய்வுக் கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் இப்படிப்பட்ட பிழை இருப்பதாக 2016இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். கடைசியில் மனித மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் குழு 2020இல் அந்தப் பெயர்களையே மாற்றியது.

இனி 17.0 விவகாரம். ஒரு குவியலில் மேல், நடு, அடி என்று பல இடங்களில் மாதிரி எடுத்துச் சராசரி போட்டால் 17.04 வரலாம், 16.96 வரலாம். திரையில் ஒரு தசம இடம்தான் காட்டச் சொல்லியிருக்கிறோம் என்றால் இரண்டுமே 17.0 என்று தெரியும். விதி பார்ப்பது உள்ளே இருக்கும் முழு மதிப்பை; மனிதர் பார்ப்பது திருத்திய மதிப்பை. ஒன்று சிவக்கும், இன்னொன்று சிவக்காது, நிலையத்து வாசலில் நிற்பவருக்கு அது பாரபட்சமாகத் தெரியும். அவர் அப்படி நினைப்பதில் தவறே இல்லை, ஏனென்றால் அவருக்குக் காட்டப்பட்ட எண் இரண்டிலும் ஒன்றுதான். எத்தனை தசம இடத்துக்குத் திருத்துவது என்பதை முதலில் முடிவு செய்து, திருத்திய மதிப்பையே சேமித்து, அதையே ஒப்பிட வேண்டும்.

இதன் இன்னும் நுட்பமான வடிவம் மூட்டை எடையில் வரும். டெல்டா நிலையங்களில் மூட்டைக்கு 40 கிலோ நெல். ஐம்பது கிலோ பிடிக்கும் சணல் சாக்கின் எடை 580 கிராம். ஆகத் தராசில் 40.58 வர வேண்டும். “40.58க்கு மேல் என்றால் சிவப்பு” என்று விதி எழுதி, எடைப் புலத்தை ஒற்றைத் துல்லியத் தசம எண்ணாக அமைத்துவிட்டால், மிகச் சரியாக 40.58 உள்ள மூட்டையும் சிவக்கும். கணினி பின்னங்களை இரண்டின் அடுக்குகளால் எழுதுகிறது. பத்தின் பின்னமான 0.58 அதில் முடிவில்லாமல் நீள்வதால் எங்காவது வெட்டியாக வேண்டும். 1985இல் வந்த ஐஇஇஇ 754 என்ற தரநிலை எங்கே வெட்டுவது என்று வகுத்திருக்கிறது. ஒற்றைத் துல்லியத்தில் 40.58 என்பது சுமார் 40.5800018 ஆகச் சேமிக்கப்படுகிறது. விதியில் எழுதிய 40.58 இரட்டைத் துல்லியத்தில் இருப்பதால் இந்த அளவு ஏற்றம் அதில் இல்லை. புலத்தில் உள்ளது பெரியதாகிவிடுகிறது. ஒரு கிராமில் சுமார் 550இல் ஒரு பங்கு வித்தியாசம். ஒரு நெல்மணியே இதைவிடக் கனம். எடையைக் கிராமில் முழு எண்ணாக, 40580 என்று வைத்துக்கொண்டால் இந்தச் சிக்கல் எழவே எழாது. பணக் கணக்கைப் பைசாவில் வைப்பதும் இதே காரணத்துக்காகத்தான்.

நிறம் ஒன்றுக்கு மேற்பட்டு வரும்போது வரிசை முக்கியமாகிறது. அக்ஸஸில் விதிகள் மேலிருந்து கீழாகச் சோதிக்கப்படும். முதலில் உண்மையாகும் விதி வென்றுவிடும், மீதியை அது எட்டிப் பார்க்காது. “17க்கு மேல் மஞ்சள்” என்பதை முதலிலும் “20க்கு மேல் சிவப்பு” என்பதை அடுத்தும் எழுதினால் 24 விழுக்காடு ஈரமுள்ள நெல்லும் மஞ்சளாகவே நிற்கும். கடுமையான விதி மேலே போக வேண்டும். அக்ஸஸ் 2007 வரை ஒரு கட்டத்துக்கு மூன்று விதிகள்தான் அனுமதி. 2010 பதிப்பில் அது 50 ஆனது. வசதி பெருகப் பெருக, ஒருவர் எழுதிய விதியை இன்னொருவர் எழுதியது மறைக்கும் வாய்ப்பும் பெருகியது.

வரிவரியாகப் பல பதிவுகளைக் காட்டும் தொடர் படிவத்தில் இன்னொரு பழைய பொறி உண்டு. சிலர் விதிப் பெட்டியைத் தொடாமல் நிரல் எழுதிப் பின்னணி நிறத்தை மாற்றுவார்கள். ஒரு வரிக்குக் கொடுத்த சிவப்பு எல்லா வரிகளிலும் பரவிவிடும். திரையில் ஐம்பது கட்டங்கள் தெரிந்தாலும் உண்மையில் இருப்பது ஒரே கட்டம்தான். அதே கட்டம் ஐம்பது முறை வரையப்படுகிறது. அதன் குணத்தை மாற்றினால் ஐம்பதும் மாறும். தனித்தனி வரிக்குத் தனித்தனி நிறம் வேண்டும் என்றால் நிபந்தனை வடிவமைப்பு விதிதான் வழி.

சேமிக்காத பதிவும் ஏமாற்றும். வரியின் இடது ஓரத்தில் பென்சில் குறி தெரியும்வரை புதிய மதிப்பு படிவத்தில் மட்டும் இருக்கிறது, அட்டவணைக்குப் போகவில்லை. விதி அட்டவணையில் தேடிப் பார்த்து நிறம் தீர்மானிப்பதாக இருந்தால் பழைய மதிப்பைத்தான் பார்க்கும். அடுத்த வரிக்குப் போய்த் திரும்பினால் நிறம் சரியாகிவிடும். “தானாகச் சரியாகிவிட்டது” என்று விட்டுவிடுவார்கள்.

இவை எல்லாவற்றையும்விடக் கண்டுபிடிக்கச் சிரமமானது தேதி. நம் ஊரில் நாள், மாதம், ஆண்டு என்று எழுதுகிறோம். அக்ஸஸ் விதிக்குள் தேதியை எழுத்தில் கோத்துக் கொடுத்தால் அது அமெரிக்க வழக்கப்படி மாதத்தை முதலில் படிக்கும். 05/02/2023 என்று எழுதிய பிப்ரவரி 5, மே 2 ஆகிவிடும். 13/02/2023 என்று கொடுத்தால் பதின்மூன்றாம் மாதம் கிடையாது என்பதால் சரியாகவே பிப்ரவரி 13 என்று புரிந்துகொள்ளும். அதாவது மாதத்தின் முதல் 12 நாட்களில் பிழை, மீதி நாட்களில் சரி. (அந்தப் பன்னிரண்டிலும் 02/02 போன்ற ஒரு நாள் தப்பிவிடும்.) மாதக் கடைசியில் சோதித்துப் பார்த்து நன்றாக வேலை செய்கிறது என்று ஒப்படைத்தவர், அடுத்த மாதம் ஐந்தாம் தேதி வரும் புகாரை நம்பவே மாட்டார்.

தேதி இவ்வளவு முக்கியமாவதற்குக் காரணம், டெல்டாவில் 17 எப்போதும் 17 ஆக நிற்பதில்லை.

அது ஒன்றிய அரசு நாடு முழுமைக்கும் வகுத்த தர விதியில் ஒரு வரி. சேதமடைந்த, நிறம் மாறிய, முளைத்த, வண்டு அரித்த மணிகள் 5 விழுக்காடு, முதிராத, சுருங்கிய மணிகள் 3, கல்லும் மண்ணும் 1, ஈரப்பதம் 17. வறண்ட பருவத்தில் அறுக்கும் இடங்களுக்கு இது பெரிய தடையில்லை. காவிரிக் கடைமடையிலோ குறுவை அறுவடை வடகிழக்குப் பருவமழையோடு மோதுகிறது. இது இன்று முளைத்த சிக்கல் அல்ல. 1960இல் தஞ்சாவூர் மாவட்டத்தில் தீவிர வேளாண் திட்டம் தொடங்கி, அந்தப் பத்தாண்டின் நடுவில் ஆடுதுறை 27 என்ற குறுகிய கால ரகம் பரவியபோது, ஈர நெல்லை என்ன செய்வது என்ற கேள்வி பெரிதாக எழுந்தது. 1967இல் திருவாரூர் நவீன அரிசி ஆலை வளாகத்தில் சிறு ஆய்வுக்கூடமாகத் தொடங்கி, பிறகு தஞ்சாவூருக்கு இடம்பெயர்ந்த நெல் பதன்செய் ஆய்வு மையம் இந்தக் கேள்வியிலிருந்து பிறந்தது. இன்று தஞ்சாவூர் புதுக்கோட்டைச் சாலையில் இருக்கும் தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனம் அதன் வளர்ச்சிதான்.

ஈரம் பார்க்கும் மெஷினும் ஈரத்தை நேராகப் பார்ப்பதில்லை. பெரும்பாலான கருவிகள் நெல்லின் மின் குணத்தை அளந்து அதிலிருந்து ஈரத்தைக் கணக்கிடுகின்றன. தண்ணீரின் மின்காப்பு மாறிலி சுமார் 80. உலர்ந்த தானியத்துக்கு அது மிகக் குறைவு. ஆகவே கொஞ்சம் ஈரம் கூடினாலும் அளவீடு நகரும். நெல்லின் சூடு, கிண்ணத்தில் எவ்வளவு அடர்த்தியாகக் கொட்டினோம் என்பவையும் அதை நகர்த்தும். அடுப்பில் முழுக்க உலர்த்தி எடை பார்ப்பதே நம்பகமான அளவுகோல். மெஷின்களை அதனோடு ஒப்பிட்டுத்தான் சரிசெய்கிறார்கள். இப்படிக் கிடைக்கும் எண்ணில் 0.1 கூடுவதும் குறைவதும் இயல்பு. அந்த 0.1இல் நிறம் மாறினால் ஒரு குடும்பம் இன்னொரு நாள் களத்தில் காத்திருக்கும். 20 விழுக்காடு ஈரத்தில் உள்ள 40 கிலோ நெல்லை 17க்குக் காயவைத்தால் மிஞ்சுவது 38.55 கிலோ. ஒன்றரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவான தண்ணீரை ஆவியாக்க வெயில் வேண்டும், இடம் வேண்டும், ஆள் வேண்டும்.

அதனால்தான் மழை ஆண்டுகளில் தமிழ்நாடு அரசு தளர்வு கேட்கிறது. 2022 அக்டோபரில் குறுவை நெல் நனைந்தபோது மாநிலம் 22 விழுக்காடு கேட்டது, ஒன்றிய அரசு 19 வரை அனுமதித்தது. 2023 பிப்ரவரி தொடக்கத்தில் அறுவடைக்கு நின்ற சம்பா, தாளடிப் பயிர்களைப் பருவம் தப்பிய மழை சாய்த்தது. அம்மாதமே டெல்டா மாவட்டங்களுக்கு 20 வரை தளர்வு வந்தது. கொள்முதல் பருவமும் வழக்கமான அக்டோபர் 1க்குப் பதிலாக 2022 முதல் செப்டம்பர் 1இலேயே தொடங்குகிறது.

மாதிரிப் படிவத்தில் 17 என்று எழுதிவைத்தவர் இப்போது என்ன செய்வார்? வடிவமைப்புப் பெட்டியைத் திறந்து 17ஐ 19 ஆக்குவார். இன்றைய பதிவுகள் சரியாகும். ஆனால் போன மாதம் 18.2 என்று திருப்பி அனுப்பிய பழைய வரியும் வெள்ளையாகிவிடும். அன்று அந்த விவசாயி ஏன் காயவைக்க நேர்ந்தது என்பதற்குப் படிவத்தில் தடயமே இருக்காது. தளர்வு முடிந்து மறுபடி 17 ஆக்கினால் முறைப்படி வாங்கிய 18.6 நெல் சிவந்து, விதியை மீறி வாங்கியது போலத் தெரியும். மூன்று கணினிகளில் மூன்று பிரதிகள் இருந்து ஒன்றில் மட்டும் மாற்றினால் ஒரே பதிவுக்கு இரண்டு நிறம். தளர்வு சில மாவட்டங்களுக்கு மட்டும் என்றால், பக்கத்து மாவட்ட உறுப்பினரின் நெல்லுக்கும் அது தவறாகப் பொருந்தும்.

தீர்வு, 17ஐப் படிவத்திலிருந்து வெளியே எடுப்பது. வரம்புகளுக்கென்று தனி அட்டவணை: மாவட்டம், எந்த நாள் முதல், எந்த நாள் வரை, எவ்வளவு, எந்த ஆணை. படிவத்தின் விதி அந்தப் பதிவின் தேதியையும் மாவட்டத்தையும் வைத்து உரிய வரம்பை எடுத்து ஒப்பிடும். புதிய ஆணை வந்தால் ஒரு வரி சேர்த்தால் போதும். பழைய பதிவுகள் தங்கள் காலத்து நிறத்திலேயே நிற்கும். கொள்முதல் விலையை இப்படித்தானே எல்லோரும் வைத்துக்கொள்கிறார்கள்? 2022–23இல் சன்ன ரகம் குவிண்டாலுக்கு 2160 ரூபாய், 2024–25இல் 2450. புதிய விலை வந்ததற்காகப் பழைய ரசீதை யாரும் திருத்துவதில்லை. ஈர வரம்புக்கும் அந்த மரியாதை உண்டு.

நிறம் பொருந்தாத படிவம் கைக்கு வரும்போது, விதியின் விடையையே ஒரு தற்காலிகக் கட்டத்தில் எழுதிக் காட்டச் செய்வது நல்ல தொடக்கம். உண்மை, பொய், வெற்று என்று எது வருகிறது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. பக்கத்தில் அதே மதிப்பை ஆறு தசம இடத்தோடு காட்டலாம். பிறகு விதிகளை எல்லாம் நகல் எடுத்துவிட்டு நீக்கி, ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துச் சோதிக்க வேண்டும். சோதனைக்கு நடுவாந்தர எண்களால் பயனில்லை, 16.9, 17, 17.1, 9.8, வெற்று, மாதத்தின் ஐந்தாம் தேதி, தளர்வு தொடங்கிய நாள், முடிந்த நாள் என்று விளிம்புகளில்தான் பிழை குடியிருக்கும்.

நிறத்தை மட்டும் நம்புவதும் சரியல்ல. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத ஆண்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். கறுப்பு வெள்ளை அச்சில் எல்லா நிறமும் சாம்பலாகவே வரும். விவசாயியின் கைக்குப் போவது திரையல்ல, அந்தச் சீட்டுதான். எனவே அதே வரம்பு அட்டவணையிலிருந்து ஒரு சொல்லும் பிறக்க வேண்டும்: “பார்க்கவில்லை”, “ஏற்கலாம்”, “ஈரம் அதிகம்”. பக்கத்தில் அளந்த எண்ணும், அன்று நடப்பில் இருந்த வரம்பும், அதற்கான ஆணையின் தேதியும் அச்சாக வேண்டும். 18.2 என்று அளந்து 17 என்ற வரம்பால் திருப்பி அனுப்பப்பட்டவர், மறுவாரம் 19க்குத் தளர்வு வந்ததும் அந்தச் சீட்டைக் கொண்டுவந்து காட்டித் தன் இடத்தைக் கேட்க முடியும்.